நாலு பனியன் துணி

துறையூரில் மெக்கானிக் அண்ணனின் பட்டறைக்குக் காலை பத்து மணிக்கு மேல் போனால் நல்ல காட்சி தவறிவிடும். இரவெல்லாம் ஆறிய எஞ்சினில்தான் அண்ணன் ஸ்பேனர் வைப்பார். சூட்டோடு நட்டைத் திருகினால் கை பொசுங்குவது இருக்கட்டும், அலுமினியத்தில் மரை போய்விடும் என்பது அவர் கட்சி.

அன்று நின்றது பழைய இன்னோவா. 2005-இல் இந்தியாவுக்கு வந்து, 2016-இல் கிரிஸ்டாவுக்கு இடம் விட்டதே, அந்த 2494 சிசி டீசல் வண்டி. ‘பிக்கப் இல்லண்ணே, மேட்டுல புகை தள்ளுது’ என்று ஓட்டுநர் புலம்பினார். பச்சைமலை ஏறுகிற வண்டிக்கு அது சின்னக் குறை அல்ல.

அண்ணன் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றினார். போல்ட்டுகளைக் கிண்ணத்தில் கொட்டவில்லை. அட்டையில் மேனிஃபோல்டின் உருவத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் ஓட்டை குத்திச் செருகி வைத்தார். பிறகு சிலிண்டர் ஹெட்டில் திறந்திருந்த வாய்களில் பழைய பனியன் துணியை அடைத்தார். ‘தம்பி, எத்தனை?’ என்று கூட நின்ற பட்டறைப் பையனைக் கேட்டார். ‘நாலுண்ணே.’ நாலு என்று அட்டையிலும் எழுதினார்.

உள்ளே எட்டிப் பார்த்தேன். காற்று போகும் வழி பாதியாகச் சுருங்கியிருந்தது. எஞ்சின் விட்ட புகையில் ஒரு பங்கை மறுபடி அதற்கே ஊட்டுவதுதான் இ.ஜி.ஆர். வால்வின் வேலை. அப்படி ஊட்டினால் எரியும் இடத்தில் வெப்பம் தணியும், நைட்ரஜன் ஆக்சைடு குறையும். ஊருக்கு நல்லதுதான். ஆனால் அந்தப் புகைக்கரியும், எஞ்சினின் அடிவயிற்றிலிருந்து வரும் ஆயில் ஆவியும் குழாயில் சந்தித்துத் தாராகிவிடுகின்றன. பழைய பெட்ரோல் அம்பாசடரில் இந்தப் பாடு கிடையாது; அங்கே கார்புரேட்டரோடு மல்லுக்கட்டினால் போதும்.

நான் ரசிப்பது இதற்கு அடுத்த நிமிடத்தை. அண்ணன் ஒரு விரலால் கரியை வழித்து, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்ப்பார். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு பார்க்கிற தோரணை. திருச்சி ரோட்டில் மிதித்து ஓடிய வண்டியென்றால் கரி காய்ந்து பொருக்காக உதிருமாம். பஸ் ஸ்டாண்டுக்கும் பெருமாள் மலை அடிவாரத்துக்குமே உருண்ட வண்டியில் அது வெண்ணெய்ப் பதத்தில் இருக்குமாம். ஆயில் சொட்டச் சொட்ட இருந்தால் துடைப்பதை நிறுத்திவிட்டு டர்போவைப் பார்க்கச் சொல்வார். இந்த வண்டி வெண்ணெய். ‘லோக்கல் டிரிப்தானே?’ என்றார். ஓட்டுநர் தலையைச் சொறிந்தார்.

மேனிஃபோல்டு ராத்திரி முழுக்க மண்ணெண்ணெயில் ஊறியது. மறுநாள் காலை மூங்கில் சிம்பு, பாட்டில் பிரஷ், வளைவுகளுக்குள் நுழைக்கப் பிரி பிரித்த பழைய கிளட்ச் கேபிள். ஸ்க்ரூ டிரைவரைப் பையன் எடுத்தபோது ஒரு முறைப்பு. அவன் கீழே வைத்துவிட்டான். கேஸ்கெட் உட்காரும் முகத்தில் ஒரு கீறல் விழுந்தால் அந்த வழியாகக் காற்று கசியும். காஸ்டிக் சோடா சீக்கிரம் வெளுக்கும்தான், ஆனால் கரியோடு அலுமினியத்தையும் தின்றுவிடும். கடைசியில் சோப்புத்தூள் போட்ட வெந்நீர், கம்ப்ரஸர் காற்று, வெயில். நன்றாகக் காயாமல் அண்ணன் பூட்டமாட்டார். டீசல் எஞ்சினுக்கு உள்ளே தங்கிய மண்ணெண்ணெயும் எரிபொருள்தான். கணக்கில்லாமல் உறிஞ்சினால் எஞ்சின் கட்டுக்கு நிற்காது.

பளபளப்பை அவர் தேடுவதில்லை. வார்ப்பின் இயல்பான சொரசொரப்பு விரலுக்குத் தெரிந்ததும் கையெடுத்துவிடுவார். இந்த நிதானம்தான் எனக்குப் பிடித்தது. இ.ஜி.ஆர். வழியைத் தகடு வைத்து அடைத்துவிட்டால் கரியே சேராது என்று சொல்கிறவர்களும் உண்டு. அது வேலையே அல்ல. தன் வண்டியின் அழுக்கைத் தெருவுக்குத் தள்ளிவிடுவது.

பழைய கேஸ்கெட்டைத் திரும்பப் போடவில்லை, புதிது. பூட்டும் முன் துணிகளை ஒவ்வொன்றாக உருவினான் பையன். மூன்று வந்தன. அண்ணன் எதுவும் பேசாமல் அட்டையைக் காட்டினார். நாலாவது, கரியேறி, வாயின் உட்புறம் ஒட்டிக்கொண்டிருந்தது. அது வெளியே வந்த பிறகுதான் நடுவிலிருந்து ஓரத்துக்கு, மூன்று சுற்றாக, போல்ட்டுகள் இறுகின.

சாவியைத் திருப்பியதும் கொஞ்சம் கரும்புகை, பிறகு சீரான சத்தம். அண்ணன் பானெட்டின் மேல் கை வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார். ‘எடுத்துட்டுப் போய் திருச்சி வரைக்கும் நல்லா மிதிச்சுட்டு வா’ என்றார் ஓட்டுநரிடம். ‘டிரிப் ஏதும் இல்லியேண்ணே.’ ‘மலைக்கோட்டைப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைச்சுட்டு வா, போ.’