கால்மாட்டில் ஓர் அஃறிணை

ரமணாசிரமத்துப் பழைய ஹாலில் ஒரு சோபா இருக்கிறது. சோபா என்று எல்லோரும் சொன்னாலும் அது ஒரு படுக்கைதான். ரமணர் பகலில் அதில் சாய்ந்திருந்தார், இரவில் அதிலேயே படுத்தார், சுமார் இருபது வருஷம். இப்போது அதன்மேல் அவர் படம் இருக்கிறது. வருகிறவர்கள் எதிரே உட்கார்ந்து கண்களை மூடிக் கொள்கிறார்கள். நான் கண்ணை மூடுகிற ரகம் இல்லை. கீழ்பென்னாத்தூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போகிறவன் மலைக்காகப் போகிறேன், அங்கே கிடைக்கும் நிசப்தத்துக்காகப் போகிறேன்; ஞானத்துக்காக அல்ல. அந்தச் சோபாவைப் பார்க்கிறபோது எனக்குத் தோன்றுவதெல்லாம், அந்தப் படுக்கையில் அவர் தனியாக இல்லை என்பதுதான். ஜன்னல் வழியே அணில்கள் வந்து அதில் ஏறி ஓடின. கையிலிருந்து பருப்பு வாங்கித் தின்றன. கொடுக்கத் தாமதமானால் விரலைக் கடித்ததும் உண்டு. பசு லட்சுமி ஹாலுக்குள் நடந்து வந்து அவர் காலடியில் தலையை வைத்தது. ஜாக்கி என்ற நாய் சீக்காகப் படுத்தபோது அதற்கு மெத்தென்று படுக்கை போட்டுத் தம் பக்கத்திலேயே வைத்துப் பராமரித்தார் என்று பதிவு இருக்கிறது. நாய்க்கும் பசுவுக்கும் மானுக்கும் காக்கைக்கும் ஆசிரமத்துக்குள் சமாதிகள் இருக்கின்றன.

இவற்றையெல்லாம் ஒரு மகானின் கருணைக்கு அத்தாட்சியாக எழுதித் தள்ளியிருக்கிறார்கள். கருணை பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. இந்தப் பக்கங்களில் நாம் பேசுவது மொழியைப் பற்றி. ஆசிரம இலக்கியத்தை பக்தர்களிடம் விட்டுவிட்டு நவீன இலக்கியம் பேசுகிறவர்கள் நாம். அதனால் நம் கண்ணில் படாமலே போன ஒரு விஷயம் அதற்குள் இருக்கிறது. ஆர்தர் ஆஸ்பர்ன் 1954இல் வெளிவந்த தம் புத்தகத்தில் அதைக் குறித்திருக்கிறார்: ரமணர் எந்தப் பிராணியையும் தமிழ் வழக்கப்படி 'அது' என்று சொல்லவில்லை, 'அவன்', 'அவள்' என்றே சொன்னார். பையன்களுக்குச் சாப்பாடு போட்டாயிற்றா என்று அவர் கேட்டால், கேட்டது நாய்களைப் பற்றி. சாப்பாட்டு நேரத்தில் முதலில் நாய்களுக்கு, பிறகு பிச்சை கேட்டு வந்தவர்களுக்கு, கடைசியில் பக்தர்களுக்கு என்று ஒரு வரிசைகூட இருந்திருக்கிறது.

இதைக் கவனித்தவர் ஓர் ஆங்கிலேயர் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. வீட்டு நாயை 'அவன்' என்பது இங்கிலீஷ்காரனுக்கு அதிசயமே இல்லை. பி.ஏ.யில் நாங்கள் படித்த லாரன்ஸின் பாம்புகூட, 1923இல் வந்த தொகுதியில், 'அவன்'தான். ஆக, தன் மொழியில் சாதாரணமான ஒன்று தமிழில் சாதாரணமில்லை என்று ஆஸ்பர்னுக்குத் தெரிந்திருக்கிறது. இங்கே ஒரு சுவர் இருக்கிறது, இந்த மனிதர் அதைத் தாண்டிப் போகிறார் என்று அந்நியர் ஒருவர் சொல்லித்தான் நாம் சுவரைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சுவர் என்று நான் சொல்வது திணை. நன்னூலைப் பரீட்சைக்குக்கூடப் படிக்காதவன் நான். பின்னால், பிடிவாதத்தால் படித்தேன். தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் ஆரம்பிப்பதே இந்தப் பிரிவினையில்தான். மக்கள் ஒரு பக்கம், மற்றதெல்லாம் மறு பக்கம். கல்லும் கன்றுக்குட்டியும் ஒரே வீட்டில். அதற்காக இலக்கணக்காரர்கள் மனசு இல்லாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது. சந்தோஷம், உயர்வு, கோபம், இழிவு இவற்றால் திணை மாறிப் பேசலாம் என்று நன்னூல் இடம் கொடுக்கிறது. வீடு திரும்புகிற பசுவைப் பார்த்து அம்மா வந்துவிட்டாள் என்று ஒருவன் சொல்வதை உரையாசிரியர்கள் உதாரணமாகக் காட்டுகிறார்கள். எவ்வளவு அழகான உதாரணம்! ஆனால் இதற்கு அவர்கள் வைத்த பெயர் வழுவமைதி. தப்புதான், போகட்டும் என்று பொருள். (ஞானக்கூத்தன் தம் கவிதை ஒன்றுக்கு 'காலவழுவமைதி' என்று பெயர் வைத்ததை நினைத்துக் கொள்ளலாம். அங்கே மேடைப் பேச்சாளனின் தமிழ் சிக்கிக் கொண்டது.) ஒரு ஜீவனோடு நமக்கிருக்கும் பந்தத்தை நம் இலக்கணம் மன்னிக்கப்பட்ட பிழை என்ற இனத்தில் சேர்த்து வைத்திருக்கிறது. மன்னிப்பு ஒருபோதும் அங்கீகாரம் ஆகாது.

லட்சுமி 1948ஆம் வருஷம் ஜூன் 18ஆம் தேதி இறந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அதன் தலையைத் தாங்கிக் கொண்டிருந்தவர், அது விமுக்தி அடைந்தது என்று பிறகு ஒரு செய்யுளில் எழுதினார். தேவராஜ முதலியார் கேட்டார்: பெரியவர்கள் காலமானால் மரியாதைக்குச் சொல்கிறோமே, அந்த மாதிரி உபசார வார்த்தையா இது, இல்லை நிஜமாகவே முக்தி என்று அர்த்தமா? நிஜமாகவே என்றுதான் பதில் வந்தது.

ஆசிரம நூல்கள் இதைப் பசுவின் பாக்கியமாகச் சொல்லிவிட்டு அடுத்த அற்புதத்துக்குப் போய்விடுகின்றன. எனக்கு முதலியாரின் கேள்விதான் பெரிதாகத் தெரிகிறது. அது ஒரு விமர்சகனின் கேள்வி. இந்தச் சொல் வழுவா, வழுவமைதியா, வழாநிலையா என்று கேட்கிறார். வழாநிலை என்று பதில் வருகிறது. பசுவுக்கு முக்தி உண்டா என்பது எனக்குத் தெரியாது. முக்தி என்று ஒன்று உண்டா என்பதே தெரியாது. ஆனால் ஒரு சொல்லுக்கு அலங்காரமாக இருக்க அனுமதி மறுத்தவர்கள் தமிழில் எத்தனை பேர்? மாணிக்கவாசகர் பக்கத்துக்குப் பக்கம் தம்மை நாயேன் என்று சொல்லிக் கொள்கிறார். திருவெம்பாவையை இந்தத் திருவண்ணாமலையில்தான் பாடினார் என்பது ஐதீகம். அந்த வாசகத்தின் உருக்கத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அங்கே நாய் மனிதன் தன்னைத் தாழ்த்திக் கொள்ள உதவும் ஒரு படிக்கட்டு. அந்த நாய்க்குப் பசிக்குமா, குளிருமா, எங்கே படுக்கும் என்று பாட்டு கேட்பதில்லை. கேட்க வேண்டிய அவசியமும் அதற்கில்லை. அதே ஊரில் ஆயிரம் வருஷம் கழித்து நாய் உருவகத்திலிருந்து இறங்கிப் படுக்கைக்கு வருகிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

இதை ஒரு மகானின் புதுமை என்று எடுத்துக் கொள்வதிலும் எனக்குச் சம்மதமில்லை. நான் ஒரு வங்கியின் கவுன்டரில் உட்காருகிறவன். கறவை மாட்டுக் கடன் எங்களுக்குத் தினசரி விவகாரம். மாட்டுக்கு இன்ஷூரன்ஸ், அதற்கு அடையாளம் காதில் குத்திய வில்லை. மாடு செத்தால் வில்லையைக் கொண்டுவர வேண்டும். வில்லை இல்லையென்றால் கிளெய்ம் இல்லை. ஒரு நாள் ஒரு அம்மா மஞ்சள் பையிலிருந்து வில்லையை எடுத்துக் கவுன்டரில் வைத்தார். "ரெண்டு நாளா தீனியே எடுக்கல சார் அவ. மூணாம் நாள் விடிகாலையில சாஞ்சுட்டா. நான் பக்கத்துலதான் படுத்துனு இருந்தேன்." நான் படிவத்தை நிரப்பினேன். நிறம், கொம்பு, வால் நுனி, ஈத்து. 'அவ' எழுதுவதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. பெயருக்கும் இல்லை.

இந்தப் பக்கத்துக் கிராமங்களில் அத்தனை பெண்களும் இப்படித்தான் பேசுகிறார்கள். மழைக் காலத்தில் ஆட்டுக்குட்டியைக் கூடை போட்டுக் கவிழ்த்துத் தாங்கள் படுக்கிற பாய் ஓரத்திலேயே வைத்துக் கொள்கிறார்கள். ஒரே அறை இருக்கிற வீட்டில் வேறு எங்கே வைப்பது? என் பாட்டி வீட்டில் குட்டியின் மூத்திர வாடையோடுதான் நான் தூங்கியிருக்கிறேன். செல்லப் பிராணியோடு படுப்பது மேல்நாட்டு மோஸ்தர், நகரத்து வசதிக்காரர்களின் கொஞ்சல் என்று பேசுகிறவர்களுக்கு இந்தக் குடிசைகள் தெரியாது. ரமணர் பேசியது இந்தப் பேச்சு. அவர் அதை ஹாலுக்குள், பிராமணர்களும் ஜமீன்தார்களும் வெள்ளைக்காரர்களும் உட்கார்ந்திருந்த இடத்துக்குள், மாற்றாமல் கொண்டுவந்தார். எழுத்துத் தமிழ் அதைக் கேட்டு ஆச்சரியப்பட்டுக் குறித்துக் கொண்டது. எனக்கோ எழுத்துத் தமிழின் அந்த ஆச்சரியம்தான் விசித்திரமாக இருக்கிறது.

நம் புனைகதைக்கு வருவோம். 'வாடிவாசல்' தமிழின் சிறந்த குறுநாவல்களில் ஒன்று என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் காரிக் காளை அங்கே எதிராளி. பிச்சியின் கண்ணும் ஜமீன்தாரின் கௌரவமும் அதன்மேல் இருக்கின்றன. தோற்ற காளையைச் சுடுகிற கையும் அந்தக் கௌரவத்தின் கைதான். முந்தின ராத்திரி காரியின் பக்கத்தில் படுத்திருந்தவன் யார்? அப்படி ஒருவன் இருந்திருப்பான், மாடு வளர்த்தவர்களுக்குத் தெரியும். செல்லப்பாவின் கதை அவனைத் தேடவில்லை. தேடியிருந்தால் கதை கெட்டுப்போயிருக்கும் என்றும் தோன்றுகிறது. பெருமாள்முருகனின் 'பூனாச்சி' 2016இல் வந்தபோது அதை ஓர் அரசியல் உருவகமாகவே எல்லோரும் படித்தார்கள். அவர் எழுதாமலிருந்த காலத்துக்குப் பின் வந்த நாவல், அப்படிப் படிக்க நியாயம் உண்டு. அதில் ஆட்டின் காதைக் குத்திப் பதிவு செய்ய வரிசையில் நிற்கிறார்கள். உருவகம் என்று விமர்சகர்கள் பாராட்டிய அந்த இடத்தை நான் வில்லையோடு தினமும் பார்த்துக் கொண்டிருக்கிறேன்.

இவற்றுக்கு எதிர்த் தட்டில் அசோகமித்திரனின் 'எலி'யை வைக்க வேண்டும். கணேசன் பொறியில் வைக்க வடை வாங்குகிறான், எலி அகப்படுகிறது, வெளியே விட்ட எலியைக் காக்கை கொத்திக் கொண்டு போகிறது, வந்து பார்த்தால் வடை தின்னப்படாமல் இருக்கிறது. எலியை யாரும் கொஞ்சவில்லை, யாரும் திணை மாற்றவில்லை. ஆனாலும் அந்த வடை நம்மை விடுவதில்லை. ஆக 'அவன்' என்று எழுதிவிட்டால் மட்டும் போதும் என்று நான் வாதாட முடியாது. 'அது' என்ற சொல்லுக்குள்ளேயே அவ்வளவு மரியாதை சாத்தியம் என்று இந்தக் கதை காட்டுகிறது. என் வாதத்துக்கு இது இடைஞ்சல். இருந்துவிட்டுப் போகட்டும்.

சில வருஷங்களுக்கு முன் இதே பத்திரிகையில் பிராணிகளைப் பற்றிய ஒரு சிறுகதைத் தொகுதிக்கு மதிப்புரை எழுதினேன். நாயைப் படுக்கையில் போட்டுக் கொள்ளும் ஒரு கதாபாத்திரத்தைக் குறிப்பிட்டு, மனித உறவின் வறட்சிக்கு நாயை ஈடு கட்டுகிற மலிவான உத்தி என்று சொன்னேன். அந்த வாக்கியத்தில் எனக்குக் கர்வம்கூட இருந்தது.

போன கார்த்திகையில், தீபத்துக்கு முந்தின மழையில், ஒரு தெருக்குட்டி எங்கள் வீட்டுக்குள் வந்தது. வாசலில் சாக்குப் போட்டேன். ராத்திரி எந்த நேரத்திலோ என் பாயின் கால்மாட்டுக்கு வந்துவிட்டது. தள்ளிவிட்டேன், திரும்ப வந்தது. நாலாம் நாள் தள்ளவில்லை. வீட்டுக்காரர் ஆட்சேபித்தார். "வாசலோட இருக்கட்டும்னு சொன்னேன் சார், நீங்க நடுவீட்டுல படுக்க வெக்கிறீங்க" என்றார். அவருடைய கோணத்தில் நியாயம்தான். உண்ணி, பேன், சொறி எல்லாம் உண்மை. பூச்சி மருந்து கொடுத்தேனா என்றால், கொடுக்கிறேன் கொடுக்கிறேன் என்று தள்ளிப் போட்டேன். தடுப்பூசியும் அப்படியே. தை பிறந்து பத்து நாளில் வாந்தி, ரத்தபேதி. கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்தவுடன் தலையை அசைத்தார். குட்டிகளுக்கு வருகிற பார்வோ, முன்னாலேயே ஊசி போட்டிருக்க வேண்டும் என்றார். இரண்டு ராத்திரி அது கால்மாட்டுக்கு வரவில்லை, வர முடியவில்லை. நான் பாயைத் திருப்பிப் போட்டுக் கொண்டேன்.

ரமணர் ஜாக்கிக்குப் படுக்கை போட்டார் என்று படிக்கும்போது நாற்றத்தைப் பற்றி நான் நினைத்ததில்லை. அந்த நாற்றம் எப்படி இருக்கும் என்று இப்போது தெரியும். அதைத் துடைத்துப் பக்கத்தில் படுப்பதற்குத் தத்துவம் எதுவும் தேவைப்படவில்லை என்பதும் தெரியும். மனித உறவின் வறட்சி என்று எழுதினேனே, என் மனைவியும் பெண்ணும் அதே அறையில்தான் விழித்துக் கொண்டிருந்தார்கள். எதற்கும் எதுவும் ஈடாக இல்லை.

மறுநாள் ஆபீஸுக்கு லீவு எழுத வேண்டியிருந்தது. காரணம் எழுதும் இடத்தில் பேனா நின்றது. பக்கத்தில் நின்ற என் பெண் கேட்டாள், "அப்பா, செத்துப் போச்சுன்னு எழுதுவியா, செத்துப் போயிட்டான்னு எழுதுவியா?" சொந்த வேலை என்று எழுதினேன்.

இந்தக் கட்டுரையிலும் நான் அதை 'அது' என்றுதான் எழுதி வந்திருக்கிறேன், கவனித்திருப்பீர்கள். லட்சுமியையும் அப்படித்தான். முதல் பிரதியில் எல்லா இடத்திலும் திருத்திப் பார்த்தேன். வாசிக்கும்போது என் குரலாக இல்லை. கடன் வாங்கின குரலாக இருந்தது. அதனால் பழையபடியே விட்டுவிட்டேன். மதிப்புரையில் இருந்த அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் வாபஸ் வாங்கிக் கொள்கிறேன் என்று ஆசிரியருக்கு எழுதினேன். அச்சானதை எப்படி எடுப்பது, வேண்டுமானால் ஒரு கட்டுரை எழுதுங்கள் என்று கார்டு போட்டிருந்தார்.