இரவல் இலச்சினையை ரசிப்பது எப்படி?

பருத்தி டி-ஷர்ட்டின் நெஞ்சில் அச்சிட்ட ஒரு பெயருக்காக இளைஞர்கள் விடிய விடிய வரிசையில் நிற்பதை விளம்பர மோகம் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவோர், ஓவியக் கண்காட்சியில் காட்டும் பொறுமையில் காற்பங்கைக்கூட ஸ்ட்ரீட்வேர் இலச்சினைகளுக்குக் காட்டுவதில்லை. ஸ்ட்ரீட்வேர் என்பது 1980களில் கலிபோர்னியாவின் அலைச்சறுக்கு, நியூயார்க்கின் ஹிப்-ஹாப், ஸ்கேட்போர்டு ஆகிய வட்டங்களில் உருவாகி, 1990களில் டோக்கியோவின் ஹராஜுகுவிலும் வேர்விட்ட உடைமரபு. இலச்சினை, அதாவது லோகோ, உடையைச் செய்தவர் யார் என்பதையும் அணிபவர் எந்தக் கூட்டத்தவர் என்பதையும் ஒருசேர அறிவிக்கும் குறி. அடிப்படை இவ்வளவே.

புதியவர் முதலில் பழக வேண்டியது போலிக்கும் ஃப்ளிப்புக்கும் உள்ள வேறுபாடு. மற்றவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். போலி, மூலத்தின் குறியை அப்படியே நகலெடுத்து, நகல் என்பது தெரியாதவரை மட்டுமே விலைபோகும் சரக்கு. ஃப்ளிப், பெரிய நிறுவனத்தின் குறியை வேண்டுமென்றே திரித்து, மூலம் எதுவெனக் கண்டுகொள்ளப்பட்டால்தான் பொருள் தரும் கேலி. காளமேகத்தின் சிலேடையில் இரண்டாம் பொருள் பிடிபட்டதும் சிரிக்கத் தெரிந்த தமிழ் வாசகருக்கு இதற்குத் தனிப் பயிற்சி தேவையில்லை.

லகூனா பீச்சில் அலைச்சறுக்குப் பலகைகள் செய்துவந்த ஷான் ஸ்டூஸி, பலகையில் இட்டுவந்த கிறுக்கல் கையொப்பத்தையே டி-ஷர்ட்டுக்கும் மாற்றினார். பின்னர் தம் பெயரின் முதலெழுத்தை இரண்டாக்கி, ஷனேலின் பின்னிய இரட்டை எழுத்தைப் போலக் கோத்தபோது, பாரிஸ் சீமாட்டிகளின் குறி கடற்கரைப் பையன்களின் குறியாயிற்று. 1994இல் நியூயார்க்கின் லாஃபாயெட் தெருவில் ஜேம்ஸ் ஜெபியா தொடங்கிய சுப்ரீமின் பெட்டி லோகோவோ, சிவப்புச் செவ்வகத்துள் சாய்ந்து நிற்கும் தடித்த வெள்ளை ஃபியூச்சுரா எழுத்து. நுகர்வுப் பித்தை நையாண்டி செய்த கலைஞர் பார்பரா க்ரூகரின் பாணியிலிருந்து எடுத்தது. நுகர்வைச் சாடிய வடிவமே நுகர்வின் கொடியாகிவிட்ட இந்த முரணைக் காணாமல், ரீசேல் விலையை மட்டும் மனப்பாடம் செய்பவர் ரசிகர் அல்லர், தரகர். அந்தச் சுப்ரீமே தன் பெட்டியைத் திரித்த ஒரு சிறு நிறுவனத்தின்மீது 2013இல் வழக்குத் தொடுத்தபோது, க்ரூகர் அந்தக் கூத்தையே எள்ளி நகையாடினார். இரவல் வாங்கியவர் இரவல் கொடுக்க மறுப்பது இத்துறையின் தீராத வேடிக்கை.

ஆயினும் மேற்சொன்ன இருவகையிலும் அடங்காதவர் ஒருவர் உண்டு. அவருக்காகவே இந்த வேறுபாட்டைக் கற்க வேண்டும் என்றும் சொல்லலாம். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், 125ஆம் தெருவில் 1982இல் கடை திறந்த உடை வடிவமைப்பாளர் டாப்பர் டான், குச்சி, லூயி வுய்ட்டன், ஃபெண்டி ஆகியவற்றின் குறிகளைத் தோலின்மேல் திரை அச்சில் பதித்து, அந்நிறுவனங்கள் அன்று தைத்தே இராத ஜாக்கெட்டுகளை ஹிப்-ஹாப் பாடகர்களுக்கும் குத்துச்சண்டை வீரர்களுக்கும் தைத்துக் கொடுத்தார். மூலமே இல்லாதபோது அது நகல் ஆகாது. கேலியும் இல்லாததால் ஃப்ளிப்பும் ஆகாது. கறுப்பின வாடிக்கையாளரைப் பொருட்படுத்தாத ஆடம்பரத்தை அவர்களுடைய உடல் அளவுக்கு வெட்டித் தைத்த செயல் அது. வழக்குகளும் சோதனைகளும் நெருக்கியதில் 1992இல் கடை மூடப்பட்டது. 1989இல் ஓட்ட வீராங்கனை டயான் டிக்சனுக்காக அவர் தைத்த உப்பிய கைகளையுடைய ஜாக்கெட்டை ஏறத்தாழ அப்படியே 2017இல் குச்சி மேடையேற்றியது. கண்டனம் எழுந்ததும் மரியாதை செலுத்தியதாக விளக்கம் சொல்லி, மறு ஆண்டே ஹார்லெமில் அவருடன் கூட்டாகத் தையலகம் திறந்தது.

இந்த வரலாறு தெரியாத ஃபேஷன் விமர்சகர்கள்தாம், இலச்சினையே இல்லாத சாம்பல்நிறச் சட்டையை 'சத்தமில்லாத ஆடம்பரம்' என்று புகழ்ந்து, லோகோ அணிபவரை நாகரிகமற்றவர் என்கின்றனர். விலை தெரிந்தவருக்கு மட்டும் புரியும் சட்டையும் ஓர் அறிவிப்புத்தான். அதில் நகைச்சுவை இல்லை, அவ்வளவே. அதைவிட ஆழமற்றது, பழம்பெரும் ஆடம்பர நிறுவனங்கள் விற்பனைக்காகத் தம் பெயரை நெஞ்சு முழுக்கப் பெரிதாக்கி அச்சிடுவது: அங்கே திரிபும் இல்லை, துணிச்சலும் இல்லை. லூயி வுய்ட்டனின் குறியைச் சுப்ரீம் திரித்ததற்காக 2000இல் சட்டத்தைக் காட்டி மிரட்டிய அந்நிறுவனம், 2017இல் அதே சுப்ரீமுடன் கைகோத்ததை இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ரசிகர்கள் வெளியில் அதிகம் சொல்லாத ஒன்றையும் இங்கே சொல்லிவிடலாம்: இவற்றை ரசிக்க எதையும் வாங்க வேண்டியதில்லை. டாப்பர் டானின் 1989 ஜாக்கெட்டையும் குச்சியின் 2017 ஜாக்கெட்டையும் காட்டும் படங்கள் எளிதில் கிடைக்கின்றன. இரண்டையும் அருகருகே வைத்து, கைப்பகுதியில் உள்ள எழுத்துகள் எந்த நிறுவனத்துடையவை என்று வாசகர் முதலில் பார்க்கட்டும்.