ரௌட்டரை அணைத்துப் பார்த்தேன்: டயர் வுல்ஃப் பற்றி ஒரு விமர்சனம்

ராஸ்பெர்ரி பை, டயர் வுல்ஃப், ஒரு 2 மீட்டர் கைரேடியோ. இன்றைக்கு பேக்கெட் ரேடியோ ஆரம்பிக்க நினைக்கும் எந்த ஹாமிடம் கேட்டாலும் இந்தச் செய்முறைதான் கிடைக்கும். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆறு மாசம் ஓட்டின பிறகு எழுதுவதால் இது பாராட்டுரை இல்லை, திட்டுரையும் இல்லை.

புதியவர்களுக்குச் சுருக்கமாக. பேக்கெட் ரேடியோ என்பது டேட்டாவைத் துண்டு துண்டாக்கி ரேடியோ வழியாக அனுப்புவது. 1971இல் ஹவாயில் நார்மன் ஆப்ராம்சன் குழுவின் அலோஹாநெட் இதைச் செய்துகாட்டியது. 1978இல் மாண்ட்ரியல் ஹாம்கள் இதை அமெச்சூர் ரேடியோவுக்குக் கொண்டுவந்தார்கள். 1980களில் இதற்கு டிஎன்சி என்று ஒரு தனிப் பெட்டி வேண்டும். 1200 ஹெர்ட்ஸ், 2200 ஹெர்ட்ஸ் என்ற இரண்டு ஒலிகளை மாற்றி மாற்றி எழுப்பி, விநாடிக்கு 1200 பிட் அனுப்பும் மோடம் அது. அந்தப் பெட்டியின் வேலையை முழுக்க சாஃப்ட்வேராக எழுதியதுதான் ஜான் லாங்னரின் டயர் வுல்ஃப்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இதன் காது அபாரம். எஃப்எம் ரிசீவரின் ஸ்பீக்கர் பக்கம் உயர் ஒலிகள் ஆக்டேவுக்கு 6 டெசிபல் வீதம் அமுக்கப்படும். அனுப்புபவர் அதற்கு ஈடுகட்டாவிட்டால் 2200 ஒலி, 1200ஐவிட சுமார் 5 டெசிபல் குறைவாக வந்து சேரும். பல பழைய மோடம்கள் இங்கேதான் தடுமாறும். டயர் வுல்ஃப் ஒரே ஒலியை வெவ்வேறு சமநிலைகளில் ஒரே நேரத்தில் அலசி, எது தேறுகிறதோ அதை எடுத்துக்கொள்கிறது. மேனுவலும் அப்படித்தான், ஒவ்வொன்றையும் 'ஏன்' என்று விளக்கி எழுதியிருக்கிறார். ஓப்பன் சோர்ஸில் இது எவ்வளவு அபூர்வம் என்று நம்ம ஆளுங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, குறைக்கு வருவோம்.

என் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் ஹாம் நண்பரும் இதே செட்டப் வைத்திருக்கிறார். இரண்டு பேரும் ஐகேட். அதாவது காற்றில் கேட்கும் ஏபிஆர்எஸ் பேக்கெட்டுகளை இன்டர்நெட் சர்வருக்கு ஏற்றிவிடும் நிலையம். மேப்பைத் திறந்தால் அவர் தெரிவார், நான் தெரிவேன். ஆறு மாசமாக 'நமக்குள்ள லிங்க் நல்லா இருக்கு' என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேசி வைத்துக்கொண்டு, இரண்டு வீட்டிலும் ரௌட்டரை ஒரு மணி நேரம் அணைத்தோம். என் ஸ்க்ரீனில் அவருடைய பேக்கெட் ஒன்றுகூட வரவில்லை. அவருக்கு போன் போட்டால், "சார், நீங்க பிர்ர்ர்னு வர்றீங்க. ஆனா ஸ்க்ரீன்ல ஒண்ணும் விழல" என்றார்.

தோண்டிப் பார்த்ததில் தெரிந்தது இது. அவருடைய பீக்கன் ரேடியோவுக்கே போகவில்லை. கான்ஃபிக் ஃபைலில் அது நேராக இன்டர்நெட் சர்வருக்குப் போகும்படி இருந்தது. பிடிடி வரியே எழுதப்படவில்லை. அதாவது ஆறு மாசமாக ஒரு மில்லிவாட்கூட காற்றில் விடாமல் மேப்பில் ஜம்முனு உட்கார்ந்திருந்தார். என் கதை வேறு மாதிரி. நான் அனுப்பினேன், ஆனால் சவுண்ட் டாங்கிளின் ஒலி அளவு ஏகத்துக்கு அதிகம். வடிவம் சிதைந்து வந்ததை யாராலும் படிக்க முடியவில்லை. என் பீக்கனும் இன்டர்நெட் வழியாகவே மேப்புக்குப் போய்க்கொண்டிருந்ததால், எனக்கு அது தெரியவே இல்லை.

தப்பு எங்களுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் இரண்டு தப்பும் ஆறு மாசம் மறைந்திருக்க முடிந்ததே, அதுதான் என் விமர்சனம். வரும் ஒலி எவ்வளவு என்று ஒவ்வொரு பேக்கெட்டுக்கும் டயர் வுல்ஃப் எண் போட்டுக் காட்டும், சுமார் 50 இருக்கட்டும் என்று வழிகாட்டும். போகும் ஒலி எப்படி இருக்கிறது என்று சொல்ல அதற்கு வழியில்லை. அதை அடுத்த ஊர்க்காரர்தான் சொல்ல வேண்டும். காதுக்கு மீட்டர் உண்டு, வாய்க்குக் கிடையாது. சுற்றி இருக்கும் செய்முறைக் குறிப்புகளும் 'மேப்பில் வந்துட்டீங்களா? வாழ்த்துகள்!' என்று அங்கேயே முடிந்துவிடுகின்றன.

இரண்டாவது குறை அடித்தளத்தில் இருக்கிறது. 1984இல் வந்த ஏஎக்ஸ்.25 நெறிமுறை பிழையைக் கண்டுபிடிக்கும், திருத்தாது. ஒரு பிட் கெட்டால் மொத்தச் சட்டகமும் குப்பைக்கு. ஆயிரத்தில் ஒரு பிட் கெடும் பாதையில் 100 பைட் சட்டகம், அதாவது 800 பிட், முழுசாக வந்து சேர வாய்ப்பு சுமார் 45 சதவீதம்தான். இதற்கு டயர் வுல்ஃப் இரண்டு மருந்து வைத்திருக்கிறது. ஒன்று, ஒவ்வொரு பிட்டாகத் திருப்பிப் பார்த்து செக்சம் ஒத்துவருகிறதா என்று தேடுவது. 16 பிட் செக்சம் என்பதால் வெறும் இரைச்சலில் 800 முறை முயன்றால், ஏதாவது ஒன்று தற்செயலாகத் தேற நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் வாய்ப்பு. முகவரி சரிபார்ப்புகள் காப்பாற்றலாம், இருந்தாலும் எனக்கு இதில் நம்பிக்கை இல்லை.

இன்னொன்று எஃப்எக்ஸ்.25. இதுதான் முறையான மருந்து. பழைய சட்டகத்தை அப்படியே வைத்து, கூடவே ரீட்-சாலமன் திருத்தக் குறிகளைச் சேர்த்து அனுப்புகிறது. பழைய கருவிகள் கூடுதல் பகுதியைப் புறக்கணித்துவிட்டு வழக்கம்போல் படிக்கும். 1.6 பதிப்பிலிருந்து பெறும் பக்கம் இது தானாகவே இயங்குகிறது. அனுப்பும் பக்கம் நாமே இயக்கினால்தான் உண்டு. காற்றில் கொஞ்சம் அதிக நேரம் எடுக்கும் என்பதால் இந்த எச்சரிக்கை நியாயம்தான். ஆனால் விளைவு என்ன? எல்லாருக்கும் இந்த மொழி கேட்கத் தெரியும், பேசுபவர் ரொம்பக் குறைவு. மறுபடியும் அதே கதை.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு சீரியஸாக எடுத்துக்கொள்கிறேன் என்றால், இந்தப் பொழுதுபோக்கை நாம் வெளியே விற்பது 'எல்லாம் செத்தாலும் இது வேலை செய்யும்' என்று சொல்லித்தான். 2015 டிசம்பரில் சென்னையில் இருந்தவர்களுக்குச் செல்போன் சிக்னல் இல்லாத நாள் எப்படி இருக்கும் என்று தெரியும். அன்றைக்கு ரௌட்டரும் இருக்காது. ரௌட்டர் இல்லாமல் ஊமையாகிற நிலையம் ரேடியோ நிலையம் இல்லை, இன்டர்நெட்டின் ஆன்டெனா. கரன்ட் திடீரென்று போனால் எஸ்டி கார்டும் கெடலாம் என்பது தனிக் கவலை.

அதற்காக டயர் வுல்ஃப்பை விட்டுவிடச் சொல்லவில்லை. இதைவிட நல்லது நான் பார்க்கவில்லை. ஒலியைக் குறைத்தோம், பிடிடி வரியை எழுதினோம், இரண்டு பக்கமும் எஃப்எக்ஸ்.25 அனுப்புதலை இயக்கினோம். அடுத்த ஞாயிறு மறுபடி ரௌட்டரை அணைத்தோம். 'சாப்டாச்சா?' என்று அனுப்பினேன். முதல் இரண்டு தடவை ஒப்புகை வரவில்லை, மூன்றாவது தடவை வந்தது.

நீங்களும் இந்த செட்டப் வைத்திருந்தால் இன்றைக்கு ஒரு பத்து நிமிஷம் ரௌட்டரை அணைத்துப் பாருங்கள். அந்தப் பத்து நிமிஷத்தில் உங்கள் பேக்கெட் யாருக்காவது போய்ச் சேருகிறதா? அதுதான் உங்களிடம் உண்மையில் இருக்கும் நெட்வொர்க்.