பளிங்கும் பின்புலமும்

திருவள்ளுவர் குறிப்பறிதல் என்னும் அதிகாரத்திலே, நெஞ்சின் கருத்தை வெளிக்காட்டும் முகத்துக்குப் பளிங்கினை உவமையாக எடுத்தாண்டார். உயிரானது தான் சார்ந்ததன் வண்ணமாகும் இயல்பை விளக்குதற்குச் சைவ சித்தாந்த ஆசிரியர்களும் பளிங்கையே நாடினர். பளிங்கு தன் அருகிலுள்ள பொருளின் நிறத்தைத் தன்னிற் காட்டும். ஆயினும் அந்நிறம் அதனுடையதன்று. இவ்விரு உண்மைகளையும் ஒருங்கே மனத்திற் கொண்டாலன்றிப் பளிங்கின் இயல்பு விளங்காது. நிழற்படத்திலுள்ள ஒளிபுகு பொருளொன்றைப் பிரித்தெடுத்து வேறொரு பின்புலத்தில் அமைக்க முற்படுவோர்க்கு நேரும் இடர்ப்பாடும் இதுவே. மலையகத் தேயிலைத் தோட்டங்களைக் காட்டும் படங்களைத் துணையாகக் கொண்டு அதனை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முன்னே கண்ணாடிக் கோப்பையிற் செந்நிறத் தேநீர். பின்னே நுவரெலியாவின் பச்சைச் சரிவு. இத்தகைய விளம்பரப் படத்தைக் காணாதார் நம்முள் அரியர். கோப்பையைப் படப்பிடிப்பு அறையில் எடுத்து, மலையை வேறொரு நாளில் எடுத்து, இரண்டையும் கணினியில் இணைத்தல் இக்காலத்து வழக்கம். இணைத்தல் குற்றமன்று, இணைப்புப் பொய்த்தலே குற்றம். அது பொய்க்குமிடத்தை நான்கு அடையாளங்களால் அறியலாம். கோப்பையின் விளிம்பு கத்தரித்தது போற் கூர்மையாக நிற்கும். மலைவெளியில் இருப்பதாகச் சொல்லப்படும் கண்ணாடியிலே, படப்பிடிப்பு அறையின் சாளரம் வெண்கட்டமாகப் பளிச்சிடும். தேநீருக்கு அப்பாலுள்ள பசுமை, சாயத்தின் செம்மை கலந்து இருண்டு தோன்றாமல், பழைய அறைச்சுவரின் சாம்பல் நிறமே அங்கு எஞ்சியிருக்கும். மேசைமேல் விழும் நிழலோ, தேநீரினூடாக வந்த செவ்வொளி சிறிதுமின்றி, மரக்கட்டையின் நிழல் போல முழுக்கருமையாகக் கிடக்கும்.

இக்குறைகளுக்கெல்லாம் மூலம் ஒன்றே. ஒளிபுகாப் பொருளுக்கு எல்லைக்கோடு உண்டு. கோட்டின் உட்புறம் பொருள், வெளிப்புறம் பின்புலம். கண்ணாடிக்கும் மூடுபனிக்கும் அத்தகைய கோடு பயன்படாது. அங்கே ஒவ்வொரு படப்புள்ளியிலும் பொருளுக்கு ஒரு பங்கும் பின்புலத்துக்கு ஒரு பங்கும் உண்டு. ஓஸ்கார் ரெயிலாண்டர் 1857 ஆம் ஆண்டில் முப்பதளவான எதிர்ப்படிகளை ஒன்றுசேர்த்துத் தம் பெரும்படத்தை அச்சிட்டபோது, உருவங்களை எல்லைக்கோட்டினாற் பிரித்தல் அவருக்குப் பெரிதும் போதுமானதாயிற்று. 1984 இல் தோமஸ் போர்ட்டர், டொம் டஃப் என்னும் இருவர், புள்ளிதோறும் பொருளின் பங்கை ஓர் எண்ணாகக் குறித்துப் படங்களை இணைக்கும் முறையை ஒழுங்குற வகுத்தனர். அவ்வெண்ணை ஆல்பா என்பர். போட்டோஷாப் முதலிய இன்றைய கருவிகள் யாவும் அந்நெறியிலேயே நடக்கின்றன.

ஆயின் அப்பங்கை அறிவது எவ்வாறு? ஒரே படத்தை எத்துணை நேரம் உற்று நோக்கினும், இந்நிறத்தில் இவ்வளவு கண்ணாடியினது, இவ்வளவு சுவரினது என்று உறுதியாகக் கூற இயலாது. 1996 இல் அல்வி ரே சிமித், ஜேம்ஸ் பிளின் ஆகியோர், ஒரே பொருளை அசையாது வைத்து, நிறம் தெரிந்த இரு பின்புலங்களின் முன் எடுத்தால் விடை கிடைக்கும் என நிறுவினர். ஓர் எடுத்துக்காட்டு: கரும்பின்புலத்தின் ஒளியளவு 0, வெண்பின்புலத்தினது 255 என்க. கோப்பையின் ஒரு புள்ளி முன்னதில் 30 ஆகவும் பின்னதில் 180 ஆகவும் காணப்படின், வேறுபாடு 150. ஆகவே அப்புள்ளி ஊடுவிடும் பங்கு 255 இல் 150, அஃதாவது ஏறக்குறைய 59 விழுக்காடு. எஞ்சிய அந்த 30 கோப்பையின் சொந்த ஒளி. ஒளியை வளைக்கும் இயல்புக்கு இதுவும் போதாது. நீர் நிறைந்த கண்ணாடிக் குவளை தொலைவிலுள்ள மலையை இடவலம் மாற்றிக் காட்டுமன்றோ? அதன் பொருட்டுக் கோலமிட்ட பின்புலங்கள் பலவற்றைப் பயன்படுத்தும் முறை 1999 இல் வெளியாயிற்று. ஒரே பின்புலத்திற் கண்டதைக் கொண்டு ஒளிபுகு பொருளை அளவிடல் ஆகாது என்பதே இவற்றால் நாம் பெறும் முடிபு.

இம்முடிபு கண்ணாடிக் கோப்பையோடு நின்றுவிடுவதன்று. மழைநாளிற் கொழுந்து பறிக்கும் பெண் தலைமேலும் முதுகின்மேலும் போர்த்திய பொலித்தீன் தாளினூடே தேயிலைச் செடியின் பசுமை தெரியும். மூடுபனியோ அவரையும் மலையையும் ஒன்றாகக் கரைக்கும். அப்படத்தைக் காண்போர் அவரையும் மலையின் ஓர் உறுப்பாகவே எண்ணிவிடுவர். இவ்வழக்கம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. புகழ்பெற்ற நிழற்படக் கலைஞர் ஜூலியா மார்கரட் கமரன் 1875 இல் இலங்கைக்கு வந்தார். அவர் கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1879 சனவரியில் டிக்கோயாவின் கிளென்கேர்ன் தோட்டத்திற் காலமாகி, பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். இங்கிலாந்தில் அவர் மரியன்னையின் கோலத்தில் எடுத்த பணிப்பெண் மேரி ஹில்லியர் என்பதை உலகம் அறியும். ஆனால் 1878 இல் அவர் கடற்கரைப் பகுதியிலே எடுத்த படமொன்று ‘களுத்துறைக் குடியானவர் குழு’ என்ற அளவிலேயே அறியப்படுகின்றது. முன்னவருக்குப் பெயர், பின்னவருக்கு ஊரும் தொழிலுமே பெயர்.

தேயிலை விளம்பரம் இதனினும் ஒரு படி மேற்சென்றது. கூடை சுமந்த பெண்ணைத் தோட்டத்திலிருந்து பிரித்தெடுத்து, பெட்டியின்மேல் மாசற்ற பசுமையில் நிறுத்தியது. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர் மக்களுள் மிகப் பெரும்பாலாரை நாடற்றவராக்கிய பின்னரும் அப்பெட்டிகள் கடல் கடந்து சென்றுகொண்டே இருந்தன. எஞ்சியிருந்தோரின் குறையை நீக்க 2003 இலேயே சட்டம் வந்தது. லயத்து அறையும், ஒடுங்கிய இஸ்தோப்பும், பீலியடியும் அவர்தம் வாழ்வின் மற்றைப் பின்புலம். அப்பெட்டியில் அதற்கு இடமில்லை. வெண்பின்புலம் மட்டும் கண்டு கோப்பையை அளந்தவன் பிழைபடுவது போலவே, பச்சைச் சரிவு மட்டும் கண்டு அம்மக்களை அளந்தவனும் பிழைபடுவான். லயத்தை மட்டுமே காட்டி இரக்கத்தை வேண்டும் படமும் ஒற்றைப் பின்புலமே என்பதை ஈண்டு மறத்தலாகாது.

பின்புலத்தை மாற்றுவதே தீது என்று யாம் கூறவில்லை. திருவிழா நாளில் புத்தாடை உடுத்து அட்டன் நகருக்கு வந்து, மாளிகையும் பூங்காவும் தீட்டிய திரையின்முன் நின்று படமெடுத்துக்கொண்ட தோட்டக் குடும்பங்கள் பல. அத்திரை பொய்யேயெனினும், அதைத் தேர்ந்தவர் அவரே. சொந்த ஒளி இவ்வளவு என்று எவரும் கணித்துக் கூறாவிடினும், அம்முகங்களில் அது விளங்கக் காண்கிறோம்.

ஆதலின் படத்திருத்தம் பயிலும் மாணவர்க்கு யாம் கூறத்தக்கது இது: பின்புலத்தை மாற்றுமுன், பொருளை இரண்டிடத்தில் வைத்து நோக்குக, கடன் வாங்கிய நிறம் எது, சொந்த நிறம் எது எனப் பகுத்தறிக, அதன்பின் கருவியைக் கையிலெடுக்க. மனிதரைப் படமாக்கும்போது, எந்தப் பின்புலத்தில் நிற்க விரும்புகிறீர் என அவரையே முதலிற் கேட்க. பளிங்குக்கு வாயில்லை, அவருக்கு உண்டு.