தசை கூடினால் நடை திரும்புமா?

டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் கொடுத்தால் முதியவருக்குத் தசை கூடும். அதில் ஐயமில்லை. படுத்த படுக்கையிலிருந்து மீண்டு வரும் 75 வயதுக்காரரை அந்தத் தசை தானாக நடக்க வைத்துவிடுமா என்பதுதான் கேள்வி.

நடக்கச் சிரமப்பட்ட, சராசரியாக 74 வயதான 209 ஆண்களைக் கொண்டு அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2010-இல் வெளியானது. டெஸ்டோஸ்டிரோன் ஜெல் பூசிக்கொண்டவர்களுக்குக் கால்வலு ஏறியது. சுமையோடு படியேறவும் முடிந்தது. ஆனால் அவர்களில் 23 பேருக்கு இதயம், ரத்தநாளம் தொடர்பான பாதிப்புகள் வந்தன. போலி ஜெல் பூசியவர்களில் 5 பேருக்கே வந்தன. ஆய்வைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். 2023-இல் வெளிவந்த, 5,200 பேருக்கு மேல் பங்கேற்ற டெஸ்டோஸ்டிரோன் ஆய்வில் மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை. பழைய அச்சம் பெரிதும் தணிந்தது. ஆனால் சீரற்ற இதயத்துடிப்பும் நுரையீரலில் ரத்தம் உறைவதும் சற்றே கூடுதலாக இருந்தன.

என்னை உறுத்துவது எலும்பு விஷயம். இன்னோர் ஆய்வில் 65 வயதைக் கடந்தவர்களுக்கு ஓராண்டு ஜெல் கொடுத்தபோது எலும்பின் அடர்த்தி கூடியதாக ஸ்கேன் காட்டியது. அந்த 5,200 பேர் ஆய்விலோ எலும்பு முறிவு ஹார்மோன் பெற்றவர்களில் 3.5 சதவீதம், மற்றவர்களில் 2.5 சதவீதம். காரணம் இன்னும் தெளிவாகவில்லை. விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவரைத் தேற்றும் மருந்தாக இதை நினைப்பவர்கள் இந்தக் கணக்கைக் கடந்து போகவே கூடாது.

பயிற்சியின் பக்கம் சான்று இன்னும் திடமானது. 1990-இல் பாஸ்டனின் முதியோர் இல்லம் ஒன்றில் 90 வயதையொட்டிய சிலர் எட்டு வாரம் எடை தூக்கிப் பழகினார்கள். தொடைத்தசையின் வலு சராசரியாக 174 சதவீதம் உயர்ந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து வெளியான இன்னோர் ஆய்வில் 100 பேரிடம் பார்த்தபோது பயிற்சி பெற்றவர்களின் நடைவேகமும் கூடியது. சத்துப்பானம் மட்டும் குடித்தவர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை.

நாற்காலியிலிருந்து ஒரு முதியவர் எழுவதைக் கவனியுங்கள். பாதத்தைப் பின்னிழுக்க வேண்டும், உடம்பை முன்சாய்க்க வேண்டும், பாரத்தைத் தொடைக்கு மாற்றி, தடுமாறாமல் நிமிர வேண்டும். பிசியோதெரபிஸ்ட் அருகில் நின்று மறுபடி மறுபடி செய்ய வைப்பது இதைத்தான். ஹார்மோனால் இதைப் பழக்க முடியாது. மேற்சொன்ன ஹார்மோன் ஆய்வுகளிலோ எடைப் பயிற்சி சிகிச்சையின் பகுதியாகவே இல்லை. பெருங்குறை இதுதான்: மறுவாழ்வுக்கு உதவுமா என்ற கேள்விக்கு, மறுவாழ்வுப் பயிற்சியை வெளியே நிறுத்திய ஆய்வுகளில் பதில் தேடுகிறோம்.

பிட்யூட்டரி நோயாலோ விரை பழுதாலோ ஹார்மோன் உண்மையிலேயே வற்றிப்போனவருக்கு இது தேவையான மருந்து, மறுப்பது அநியாயம். ஹார்மோன் குறைந்த சில முதியவர்களுக்கு இதனால் ரத்தசோகையும் சரியாகிறது. வெறும் சோர்வுக்கும் வயதுக்கும் எழுதித் தருவதைத்தான் நான் எதிர்க்கிறேன். இரண்டு வெவ்வேறு நாள் காலையில் ரத்தப் பரிசோதனை, பிராஸ்டேட் சோதனை, ரத்தம் தடித்துப்போகிறதா என்ற தொடர் கவனிப்பு, இவற்றோடு வாரத்தில் எந்தெந்த நாள் என்னென்ன பயிற்சி என்பதும் அதே மருந்துச்சீட்டில் இருக்க வேண்டும்.