முத்திரை குத்தும் கை

வீடியோ கேம் என்றால் சுடுவதும் துரத்துவதும்தான் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். "இதுல சண்டை முக்கியமில்லப்பா, உட்கார்ந்து காகிதம் பார்க்கணும்" என்று மகன் காட்டிய ஆட்டம் 'பேப்பர்ஸ், ப்ளீஸ்'. லூக்காஸ் போப் என்ற அமெரிக்கர் உருவாக்கி 2013-இல் வெளியிட்டது.

1982-ஆம் ஆண்டு; அர்ஸ்டோட்ஸ்கா என்னும் கற்பனை நாட்டின் எல்லைச் சாவடி. நாம்தான் அங்கே அதிகாரி. வருகிறவரின் பாஸ்போர்ட்டைச் சரிபார்த்துப் பச்சை முத்திரையோ சிவப்பு முத்திரையோ குத்த வேண்டும். எத்தனை பேரைப் பார்த்து அனுப்பினோமோ அந்தக் கணக்கில்தான் கூலி. ஒரு நாளில் முதல் இரண்டு தவறுகளுக்கு எச்சரிக்கை, அதற்குமேல் அபராதம். சாயங்காலமானால் வாடகை, சாப்பாடு, குளிர்காய எரிபொருள், மருந்து என்று வீட்டுச் செலவு காத்திருக்கும்.

ஒரு நாள் கணவர் ஒருவர் வருகிறார். காகிதமெல்லாம் சரி. பின்னால் வரும் மனைவியிடம் நுழைவுச் சீட்டு இல்லை. என்ன செய்வீர்கள்?

இந்த ஆட்டத்தின் அரசியல் வசனத்தில் இல்லை, கூலிக் கணக்கில் இருக்கிறது. அரசு கொடியது என்று யாரும் பிரசங்கம் செய்வதில்லை. கடிகாரமும் வாடகையும் சேர்ந்து நல்லவனையும் கல்நெஞ்சனாக்கிவிடுகின்றன.

இதை நான் சும்மா சொல்லவில்லை. ஊரைவிட்டு வந்த புதிதில் ஓர் அலுவலகத்தில் என்னை மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். ஒரு சான்றிதழில் இனிஷியல், இன்னொன்றில் அப்பா பெயர் முழுதாக. "சர்நேம் எங்கே? ரெண்டும் ஒரே ஆளா?" நம்மில் பலருக்கும் நேர்ந்ததுதான். ஆட்டத்திலும் பெயர் மாறினால் கைரேகை எடுத்து, அவருக்கு வேறு பெயர் உண்டா என்று பார்க்க வழியிருக்கிறது. நேரமாகுமே என்று ஒருவருக்கு அதைப் பார்க்காமலே சிவப்பு முத்திரை குத்தினேன். எச்சரிக்கைச் சீட்டு வந்தது. 'நல்லவேளை, காசு போகலை' என்றுதான் முதலில் தோன்றியது! அந்த குமாஸ்தாவை இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் அவர் நாற்காலியில் நானும் உட்கார்ந்து பார்த்துவிட்டேன்.

குறையும் உண்டு. அதிகாரி வீட்டுப் பசி தினமும் தெரிகிறது. திரும்பிப் போனவர் அன்றிரவு எங்கே தங்கினார் என்பது தெரிவதில்லை. பெரும்பாலோருக்கு இரண்டு வரிப் பேச்சு, அவ்வளவே.

வளர்ந்த பிள்ளைகள் உள்ள வீடுகளில் சேர்ந்து ஆடிப் பாருங்கள். முடிந்ததும், யாரைத் திருப்பி அனுப்பினாய், ஏன் என்று கேளுங்கள். அந்தப் பேச்சை நாம்தான் தொடங்க வேண்டும்.