முப்பதில் ஒன்றாய் ஒடுங்கிய கவனம்: காஞ்சிபுரம் மாவட்ட மனச்சிதைவு ஆய்வு குறித்த ஒரு மதிப்பீடு

மனச்சிதைவுக்கு ஆளானோரிடம் கவனம் குலைவதைப் பிளாய்லர் 1911-இலேயே சுட்டினார். வேண்டியதை ஏற்று வேண்டாததை விலக்கும் வடிகட்டியாகக் கவனத்தைப் பிராட்பென்ட் 1958-இல் விளக்கினார். மக்கீயும் சாப்மனும் 1961-இல் அதனை நோயுற்றோரின் கூற்றுகளோடு பொருத்திக் காட்டினர். இத்தகைய நெடிய மரபுடைய தேர்வுக் கவனம், தமிழகத்தை உள்ளடக்கிய முதன்மையான கள ஆய்வொன்றில் பெற்ற இடம் யாது என்பதே இங்கு எழும் வினா.

2014-இல் லான்செட் இதழில் வெளிவந்த 'கோப்சி' ஆய்வு கோவா, சதாரா, அன்றைய காஞ்சிபுரம் மாவட்டம் ஆகிய மூன்று களங்களில் 282 பேரிடம் நிகழ்ந்தது. 95 பேர் மருத்துவமனைச் சிகிச்சை மட்டும் பெற்றனர். 187 பேருக்கு அதனுடன் சமுதாயப் பணியாளரின் துணையும் கிட்டியது. ஓராண்டு முடிவில் நோய்க்குறி மதிப்பெண் வேறுபாடு மொத்தத்தில் ஏறத்தாழ 3.75, தமிழகக் களத்தில் மட்டும் 9.29. புறந்தள்ளத்தக்க வேறுபாடன்று இது.

ஆயினும் குறைந்தது எது? 'பான்ஸ்' அளவுகோலின் முப்பது கூறுகளுள் கவனக்குறைவு ஒன்றே ஒன்று. அதுவும் நேர்காணலின்போது கண்டு மதிப்பிடப்படுவது. குரல் கேட்டலும் ஐயுறவும் தணிந்தாலே மொத்த எண் சரியும். கவனம் இருந்தபடியே இருக்கக்கூடும். உடன் கையாளப்பட்ட 'ஐடியாஸ்' இயலாமை அளவுகோலோ தன்பராமரிப்பு, பிறருறவு, தொடர்பாடலும் புரிதலும், வேலை என நான்கையே அளக்கிறது. மாற்றுத்திறன் சான்றிதழுக்கும் இதுவே அடிப்படையாதலால் குறை ஆய்வேட்டோடு நிற்பதில்லை. அறிதிறனை அளப்பது அவ்வாய்வின் நோக்கமன்று என்பது உண்மையே. அதன் முடிவை 'மீட்சி' என மேற்கோள் காட்டுவோரிடமே என் மறுப்பு.

ஆய்வு நிகழ்ந்தது ஊரகப் பகுதியில். பட்டுத்தறிகளின் நகரில் அன்று. எனினும் தறி இச்சிக்கலைத் தெளிவாக்கும். கோர்வைச் சேலைக்கு மூன்று நாடாக்கள். உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒவ்வோர் ஓட்டத்திலும் பிணைய வேண்டும். பக்கத்துத் தறியின் ஓசையை விலக்கியே நெசவாளர் இதைச் செய்கிறார். நோயுற்றபின் முதன்மை இருக்கைக்குத் திரும்பியவரும், கரை நாடா தள்ளும் துணையாளாக நின்றுவிட்டவரும் 'வேலை' என்னும் ஒற்றை எண்ணில் வேறுபடலாம்; வேறுபாட்டின் காரணத்தை அவ்வெண் சொல்லாது.

இதற்கு ஸ்ட்ரூப் சோதனையை அப்படியே தமிழாக்குவதும் போதாது. அது எழுத்தறிவைக் கோருவது. அரக்கு, மாம்பழம், எம்.எஸ். நீலம் எனப் பிரித்தறியும் கண்ணை நான்கைந்து நிறப்பெயர்களில் அடக்குவது. ஒரு முழத்தில் எத்தனை கோர்வைப் பிணைப்புகள் தவறின என்று எண்ணுவது எளிது. நலமான நெசவாளரின் எண்ணிக்கையோடு அதனை ஒப்பிடவும் இயலும்.